நிபா வைரஸ் உடலின் பாதுகாப்பை முறியடிப்பது எவ்வாறு? ஒரு விரிவான பார்வை

கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டம் பேராம்பிரா பகுதியில் 2018-ஆம் ஆண்டு மே மாதம் பரவிய நிபா வைரஸ், உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி 19 பேரைத் தாக்கியது. அவர்களில் 17 பேர் உயிரிழந்தனர். பிழைத்தவர்கள் இருவர் மட்டுமே. நோயாளிக்குச் சிகிச்சை அளித்த செவிலியர் லினியும் உயிரிழந்தோரில் ஒருவர். அதன் பின்னர் 2019, 2021, 2023, 2024 ஆகிய ஆண்டுகளிலும் இந்நோய் கேரளத்தில் மீண்டும் தலைகாட்டியது. ஒவ்வொரு முறையும் எழுகின்ற கேள்வி ஒன்றுதான்: நாள்தோறும் எத்தனையோ கிருமிகளை வென்று வாழும் மனித உடல், இந்த ஒரு வைரஸிடம் மட்டும் ஏன் இவ்வளவு எளிதில் தோற்றுப்போகிறது?

இதற்கான விடையின் பெரும்பகுதி, நிபா வைரஸுக்கும் உடலின் நோய் எதிர்ப்பு மண்டலத்துக்கும் இடையே முதல் சில நாள்களில் நிகழும் போராட்டத்தில் அடங்கியுள்ளது. அந்தப் போராட்டம் எவ்வாறு நடைபெறுகிறது, வைரஸ் எந்தெந்த வழிகளில் உடலின் பாதுகாப்பை முடக்குகிறது, அதே வைரஸைச் சுமக்கும் வௌவால்கள் நோயுறாமல் இருப்பது ஏன் என்பன குறித்து விளக்குகிறது இக்கட்டுரை.

நிபா வைரஸின் பின்னணி

மலேசியாவில் 1998-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பன்றிப் பண்ணைத் தொழிலாளர்களிடையே மூளைக்காய்ச்சல் பரவியது. தொடக்கத்தில் அது கொசுக்களால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே கருதப்பட்டது. மலாயா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருத்துவ ஆய்வாளர் சுவா காவ் பிங், 1999-ஆம் ஆண்டு மார்ச் மாதம் நோயாளியின் மாதிரியிலிருந்து இதுவரை அறியப்படாத ஒரு வைரஸைப் பிரித்தெடுத்தார். நோயாளியின் ஊரான சுங்கை நிபாவின் பெயரே வைரஸுக்கும் சூட்டப்பட்டது. மலேசியாவில் 265 பேர் பாதிக்கப்பட்டு 105 பேர் உயிரிழந்தனர். நோயைக் கட்டுப்படுத்த சுமார் 11 லட்சம் பன்றிகள் அழிக்கப்பட்டன.

இந்தியாவில் முதன்முதலாக 2001-ஆம் ஆண்டு மேற்கு வங்கத்தின் சிலிகுரியில் இந்நோய் பரவியது. அங்கு 66 பேர் பாதிக்கப்பட்டு 45 பேர் உயிரிழந்தனர். அவர்களில் பெரும்பாலானோர் மருத்துவமனைப் பணியாளர்களும் நோயாளிகளைப் பார்க்கச் சென்றவர்களும் ஆவர். 2007-ஆம் ஆண்டு அதே மாநிலத்தின் நதியா மாவட்டத்தில் பாதிக்கப்பட்ட ஐவரும் உயிரிழந்தனர். அண்டை நாடான வங்கதேசத்தில் 2001 முதல் ஏறத்தாழ ஆண்டுதோறும் இந்நோய் பதிவாகி வருகிறது. அங்கு வௌவால்களின் எச்சிலும் சிறுநீரும் கலந்த ஈச்ச மரப் பதநீரைக் காய்ச்சாமல் அருந்துவதே நோய்க்கு முக்கியக் காரணமாகக் கண்டறியப்பட்டுள்ளது.

நோயின் தாக்கத்தையும் சிகிச்சை வசதிகளையும் பொறுத்து, பாதிக்கப்பட்டோரில் 40 முதல் 75 சதவீதம் பேர் வரை உயிரிழப்பதாக உலக சுகாதார அமைப்பு மதிப்பிட்டுள்ளது. அங்கீகரிக்கப்பட்ட மருந்தோ தடுப்பூசியோ மனிதர்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை.

உடலின் முதல் அரண்

நோய் எதிர்ப்பு மண்டலம் இரண்டு நிலைகளில் செயல்படுகிறது. முதலாவது, பிறவியிலேயே அமைந்த எதிர்ப்பாற்றல். எந்தக் கிருமி என்று ஆராயாமல், அந்நியப் பொருள் நுழைந்துவிட்டது என்று தெரிந்த சில மணி நேரத்திலேயே இது செயல்படத் தொடங்கும். இரண்டாவது, தகவமைப்பு எதிர்ப்பாற்றல். குறிப்பிட்ட கிருமியை அடையாளம் கண்டு, அதற்கென்றே ஆன்டிபாடி எனப்படும் எதிர்ப்பொருள்களையும், பாதிக்கப்பட்ட உயிரணுக்களை அழிக்கும் 'டி' வெள்ளணுக்களையும் உருவாக்குவது இதன் பணி. இதற்குப் பொதுவாக ஒரு வாரம் முதல் இரண்டு வாரங்கள் வரை தேவைப்படும்.

எனவே, இரண்டாவது படை திரண்டு வரும்வரை வைரஸைத் தடுத்து நிறுத்த வேண்டிய பொறுப்பு முதல் அரணைச் சேர்ந்தது. அந்த அரணின் மிக முக்கிய ஆயுதம் இன்டர்ஃபெரான் என்னும் புரதம். லண்டனில் அலிக் ஐசக்ஸ், ழான் லிண்டன்மேன் ஆகிய ஆய்வாளர்கள் 1957-ஆம் ஆண்டு இதனைக் கண்டறிந்தனர். வைரஸின் வளர்ச்சியில் குறுக்கிடுவதால் இப்பெயர் பெற்றது.

இதன் செயல்பாடு இரு கட்டங்களாக நிகழ்கிறது. ஒவ்வோர் உயிரணுவின் உள்ளேயும் ரிக்-ஐ, எம்.டி.ஏ.-5 போன்ற உணர்விப் புரதங்கள் உள்ளன. வைரஸ் பெருகும்போது தோன்றும் வழக்கத்துக்கு மாறான ஆர்.என்.ஏ. இழைகளை இவை இனங்காண்கின்றன. உடனே உயிரணுவின் உட்கருவுக்குச் செய்தி செல்கிறது. இன்டர்ஃபெரான் உற்பத்தியாகி வெளியேறுகிறது. இது முதல் கட்டம்.

வெளியேறிய இன்டர்ஃபெரான் அருகிலுள்ள உயிரணுக்களின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்கிறது. அந்த உயிரணுக்களுக்குள் ஸ்டாட்-1, ஸ்டாட்-2 என்னும் இரு தூதுப் புரதங்கள் விழித்தெழுந்து, இணைந்து, உட்கருவுக்குள் செல்கின்றன. அங்கு நூற்றுக்கணக்கான மரபணுக்களை இயங்கச் செய்கின்றன. வைரஸின் ஆர்.என்.ஏ.வைச் சிதைப்பவை, புதிய புரதங்கள் உருவாவதைத் தடுப்பவை எனப் பலவகைப் புரதங்கள் உற்பத்தியாகின்றன. வைரஸ் வந்து சேரும் முன்பே அந்த உயிரணு தன் கதவுகளை அடைத்துவிடுகிறது. இது இரண்டாம் கட்டம்.

ஒரு மரபணு, நான்கு புரதங்கள்

நிபா வைரஸின் மரபுத்தொகுதி 18,200-க்குச் சற்று அதிகமான எழுத்துகளைக் கொண்ட ஒற்றை ஆர்.என்.ஏ. இழை. மனிதனின் மரபுத்தொகுதி 300 கோடி எழுத்துகளைக் கொண்டது என்பதோடு ஒப்பிட்டால், இது எவ்வளவு சிறியது என்பது விளங்கும். அதில் இருப்பவை ஆறே மரபணுக்கள். ஆயினும், அவற்றுள் 'பி' எனப்படும் ஒரு மரபணுவிலிருந்து மட்டும் பி, வி, டபிள்யூ, சி என நான்கு வெவ்வேறு புரதங்களை இந்த வைரஸ் உருவாக்கிக்கொள்கிறது.

மரபணுவைப் படியெடுக்கும்போது குறிப்பிட்ட ஓரிடத்தில் 'ஜி' என்னும் எழுத்து ஒன்று கூடுதலாகச் சேர்ந்தால் வி புரதம் உருவாகிறது. இரண்டு சேர்ந்தால் டபிள்யூ புரதம் உருவாகிறது. படிப்பதை வேறோர் இடத்திலிருந்து தொடங்கினால் சி புரதம் கிடைக்கிறது. வைரஸ் தன்னைப் பிரதியெடுத்துக்கொள்ளப் பி புரதம் இன்றியமையாதது. மற்ற மூன்றின் முதன்மைப் பணி, உடலின் எதிர்ப்பை முடக்குவதே.

வி புரதம் இரண்டு கட்டங்களையும் தாக்குகிறது. முதலாவதாக, எம்.டி.ஏ.-5 உணர்வியைப் பற்றிக்கொண்டு, அது வைரஸின் ஆர்.என்.ஏ.வை இனங்காண்பதைத் தடுக்கிறது. இரண்டாவதாக, ஸ்டாட்-1, ஸ்டாட்-2 புரதங்களைப் பிடித்து, அவை உட்கருவுக்குள் நுழைய முடியாதபடி வெளியிலேயே நிறுத்திவிடுகிறது. இதனால், வேறு வழியில் இன்டர்ஃபெரான் உற்பத்தியானாலும் அதன் செய்தி மரபணுக்களைச் சென்றடைவதில்லை.

டபிள்யூ புரதம் இதே வேலையை வேறோர் இடத்தில் செய்கிறது. அது உட்கருவுக்குள் நுழையும் தன்மை கொண்டது. அங்கேயே இருந்துகொண்டு ஸ்டாட்-1 புரதத்தைச் செயலற்றதாக்குகிறது. இன்டர்ஃபெரான் உற்பத்தியைத் தொடங்கிவைக்கும் கட்டளைகளையும் தடுக்கிறது. வெளியே தப்பியது உள்ளே சிக்கும்; உள்ளே செல்ல முடியாதது வெளியே சிக்கும். இவ்வாறு இரு புறமும் அடைக்கப்படுவதால், பாதிக்கப்பட்ட உயிரணு தன் அண்டை உயிரணுக்களை எச்சரிக்கவும் முடிவதில்லை. பிறர் விடுத்த எச்சரிக்கையைக் கேட்கவும் முடிவதில்லை.

வைரஸின் உறையை உள்ளிருந்து தாங்கும் எம் புரதமும் இதில் பங்கேற்கிறது. எதிர்ப்புச் செய்தியைக் கடத்துவதில் உதவும் டிரிம்-6 என்னும் மனிதப் புரதத்தின் அளவை அது குறைத்துவிடுவது ஆய்வுகளில் தெரியவந்துள்ளது.

இப்புரதங்களின் முக்கியத்துவம் விலங்குச் சோதனைகளிலும் உறுதியாகியுள்ளது. கீரியை ஒத்த ஃபெரெட் என்னும் விலங்குகள் மனிதர்களைப் போன்றே நிபாவால் கடுமையாகப் பாதிக்கப்படுபவை. வி புரதம் நீக்கப்பட்ட வைரஸைச் செலுத்தியபோது, அவற்றில் நோய் மரணத்தில் முடியவில்லை. டபிள்யூ புரதம் நீக்கப்பட்டபோது நோயின் போக்கு மாறியது. வைரஸ் பெருகும் ஆற்றலைவிட, எதிர்ப்பை முடக்கும் ஆற்றலே அதன் கொடுமைக்குப் பெரிதும் காரணம் என்பதை இச்சோதனைகள் உணர்த்துகின்றன.

எங்கும் திறந்திருக்கும் வாசல்

எதிர்ப்பை முடக்கினால் மட்டும் போதாது. நுழைவதற்கு வழியும் வேண்டும். நிபா வைரஸின் மேற்பரப்பில் ஜி, எஃப் என இரு புரதங்கள் உள்ளன. ஜி புரதம் மனித உயிரணுவின் மேலுள்ள எஃப்ரின்-பி2, எஃப்ரின்-பி3 என்னும் புரதங்களைப் பற்றிக்கொள்கிறது. எஃப் புரதம் வைரஸின் உறையை உயிரணுவின் சவ்வோடு ஒன்றிணைத்து உள்ளே நுழையச் செய்கிறது.

எஃப்ரின்-பி2 இரத்த நாளங்களின் உட்சுவரிலும் நரம்பு உயிரணுக்களிலும் மிகுதியாக உள்ளது. இரத்த நாளங்களும் நரம்புகளும் வளர்வதற்கு அது இன்றியமையாதது என்பதால், பரிணாமத்தில் அது அதிகம் மாறாமல் பல பாலூட்டிகளிலும் ஒரே மாதிரியாக அமைந்துள்ளது. வௌவால், பன்றி, குதிரை, மனிதன் என இனம் விட்டு இனம் தாவ இவ்வைரஸால் முடிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

உடலுக்குள் பரவுவதற்கு, எதிர்ப்பு மண்டலத்தின் வெள்ளணுக்களையே இவ்வைரஸ் வாகனமாக்கிக்கொள்வதும் கண்டறியப்பட்டுள்ளது. வெள்ளணுவைப் பாதிக்காமல், அதன் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு இரத்த ஓட்டத்தில் பயணித்து, இரத்த நாளச் சுவரை அடைந்ததும் அங்கு இறங்கிவிடுகிறது. காவலரின் தோளில் அமர்ந்தே கோட்டைக்குள் செல்வதற்கு ஒப்பானது இது.

நாளச் சுவர் பாதிக்கப்படும்போது அழற்சி ஏற்பட்டு, சிறுசிறு இரத்தக் கட்டிகள் உருவாகின்றன. மூளைக்குச் செல்லும் நுண்ணிய நாளங்கள் அடைபடுகின்றன. வைரஸ் நரம்பு உயிரணுக்களுக்குள்ளும் புகுகிறது. காய்ச்சல், தலைவலி, வாந்தி என்று சாதாரணமாகத் தொடங்கும் நோய், குழப்பம், வலிப்பு, நினைவிழப்பு என முற்றுகிறது. சிலர் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் ஆழ்மயக்க நிலைக்குச் சென்றுவிடுகின்றனர். வங்கதேசத்திலும் கேரளத்திலும் காணப்படும் வகையில் நுரையீரலும் பெரிதும் பாதிக்கப்படுவதால், இருமல் மூலம் பிறருக்கு நோய் பரவும் வாய்ப்பு அதிகம்.

தாமதமாக விழிக்கும் எதிர்ப்பு

முதல் அரண் முடக்கப்பட்டதால் வைரஸ் தடையின்றிப் பெருகிவிட்ட நிலையில்தான் பலருக்கும் எதிர்ப்பு மண்டலம் முழுமையாக விழித்தெழுகிறது. அப்போது சுரக்கும் அழற்சிப் பொருள்கள், வைரஸோடு சேர்த்து உடலின் சொந்தத் திசுக்களையும் சேதப்படுத்துகின்றன. தொடக்கத்தில் மிகக் குறைவு, முடிவில் மிக அதிகம் என்பதே இத்தகைய நோய்களின் பொதுவான இயல்பு.

இங்கு 2018-ஆம் ஆண்டு கோழிக்கோட்டில் உயிர்பிழைத்த இருவரைப் பற்றிய ஆய்வு கவனத்துக்குரியது. மணிப்பால் வைரஸ் ஆய்வு மையத்தினரும் அமெரிக்க ஆய்வாளர்களும் இணைந்து 2019-இல் வெளியிட்ட அந்த ஆய்வில், அவ்விருவரின் இரத்தத்திலும் 'டி' வெள்ளணுக்களின் எண்ணிக்கை குறையாமல் இருந்ததும், வைரஸுக்கு எதிராகச் செயல்படும் 'சி.டி.8' வெள்ளணுக்கள் வெகுவாகப் பெருகியதும் தெரியவந்தது. அந்தப் பெருக்கமும் இரத்தத்திலிருந்து வைரஸ் மறைந்ததும் ஒரே காலகட்டத்தில் நிகழ்ந்தன. இருவரின் தரவைக் கொண்டு பொது முடிவுக்கு வர இயலாது. எனினும், தகவமைப்பு எதிர்ப்பாற்றல் உரிய நேரத்தில் செயல்படுமானால் இந்நோயை உடலால் வெல்ல முடியும் என்பதற்கு அது ஓர் அரிய சான்றாகும்.

பிழைத்தவர்களுக்கும் ஆபத்து முழுமையாக நீங்கிவிடுவதில்லை. உயிர்பிழைத்தோரில் சுமார் 20 சதவீதம் பேருக்கு வலிப்பு, ஆளுமை மாற்றம் போன்ற நரம்பியல் பாதிப்புகள் நீடிப்பதாக உலக சுகாதார அமைப்பு தெரிவிக்கிறது. சிலருக்கு மாதங்கள், ஆண்டுகள் கழித்தும் மூளைக்காய்ச்சல் மீண்டும் தோன்றியுள்ளது. மூளையின் நரம்பு உயிரணுக்கள் எளிதில் ஈடுசெய்யப்பட முடியாதவை என்பதால், அங்கு எதிர்ப்பு மண்டலம் இயல்பாகவே அடக்கி வாசிக்கிறது. அந்தச் சலுகையைப் பயன்படுத்தி வைரஸ் நீண்ட காலம் பதுங்கியிருக்கக்கூடும் என்று கருதப்படுகிறது.

வௌவால்கள் நோயுறாதது ஏன்?

நிபா வைரஸின் இயற்கை உறைவிடம் பழந்தின்னி வௌவால்கள். இந்தியாவில் பெரிய பழந்தின்னி வௌவால்களின் உடலில் இவ்வைரஸும் அதற்கான எதிர்ப்பொருள்களும் பல மாநிலங்களில் கண்டறியப்பட்டுள்ளன. எனினும், அவை நோய்வாய்ப்படுவதில்லை. இதற்குரிய காரணங்களைக் கடந்த சில ஆண்டுகளில் ஆய்வாளர்கள் ஓரளவு கண்டறிந்துள்ளனர்.

ஆஸ்திரேலியக் கருப்புப் பழந்தின்னி வௌவால்களில், வைரஸ் தொற்று இல்லாதபோதும் இன்டர்ஃபெரான்-ஆல்ஃபா தொடர்ந்து சுரந்துகொண்டே இருப்பது 2016-ஆம் ஆண்டு வெளியான ஆய்வில் தெரியவந்தது. எச்சரிக்கை மணி ஒலிக்கும் வரை அவற்றின் உயிரணுக்கள் காத்திருப்பதில்லை. எப்போதும் ஆயத்த நிலையிலேயே உள்ளன. மணியை அடைத்துப் போடும் வைரஸின் உத்தி அங்கு பெரிதாகப் பலிப்பதில்லை.

மறுபுறம், அழற்சியைத் தூண்டும் வழிகள் வௌவால்களில் மட்டுப்படுத்தப்பட்டுள்ளன. டி.என்.ஏ. சிதைவை உணரும் ஸ்டிங் என்னும் புரதத்தில் ஏற்பட்டுள்ள ஒரு மாற்றத்தால், அது மிதமாகவே செயல்படுகிறது என்று 2018-இல் ஓர் ஆய்வு காட்டியது. அழற்சியின் மற்றொரு முக்கிய விசையான என்.எல்.ஆர்.பி.-3 புரதமும் வௌவால்களில் அடங்கியே இயங்குவதாக 2019-இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. பறப்பதற்கு மிகுந்த ஆற்றல் தேவைப்படுகிறது. அப்போது உடலுக்குள் ஏற்படும் சிதைவுகளுக்கெல்லாம் அழற்சி தோன்றினால் உயிர்வாழ இயலாது. அதனால், பறக்கும் ஒரே பாலூட்டியான வௌவாலில் இத்தகைய பொறுமை பரிணமித்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து.

சுருங்கக் கூறின், மனித உடல் தாமதமாகவும் மிகையாகவும் செய்வதை, வௌவாலின் உடல் முன்கூட்டியும் அளவோடும் செய்கிறது.

இதில் பொதுமக்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. வாழிடம் அழிந்து, உணவு கிடைக்காமல் வௌவால்கள் அவதியுறும்போது அவை வெளியேற்றும் வைரஸின் அளவு அதிகரிப்பதை, நிபாவின் நெருங்கிய உறவான ஹெண்ட்ரா வைரஸ் குறித்து ஆஸ்திரேலியாவில் நடைபெற்ற ஆய்வுகள் காட்டியுள்ளன. மரங்களை வெட்டி வௌவால்களை விரட்டுவதும் கொல்வதும் நோயைத் தடுப்பதற்கு மாறாக, பரவலைத் தூண்டவே வாய்ப்புண்டு. மகரந்தச் சேர்க்கைக்கும் விதைப் பரவலுக்கும் வௌவால்கள் ஆற்றும் பங்கும் மறக்கத்தக்கதன்று.

மற்ற வைரஸ்கள் கையாளும் உத்திகள்

எதிர்ப்பு மண்டலத்தை ஏமாற்றுவது நிபாவுக்கு மட்டும் உரிய கலையன்று. ஒவ்வொரு கொடிய வைரஸும் தனக்கென ஒரு வழியைக் கொண்டுள்ளது.

எபோலா வைரஸின் வி.பி.-35 புரதம் வைரஸின் ஆர்.என்.ஏ.வை மூடி மறைத்து, உணர்விகளின் கண்ணில் படாமல் காக்கிறது. அதன் வி.பி.-24 புரதமோ, ஸ்டாட்-1 உட்கருவுக்குள் செல்லப் பயன்படுத்தும் சுமப்பான் புரதத்தை ஆக்கிரமித்துக்கொள்கிறது. நிபா தூதரைச் சிறைபிடிக்கிறது என்றால், எபோலா அவர் ஏற வேண்டிய வண்டியை மறித்துவிடுகிறது.

எய்ட்ஸ் நோயை உண்டாக்கும் எச்.ஐ.வி., எதிர்ப்பை வழிநடத்தும் 'சி.டி.4' வெள்ளணுக்களையே தாக்குகிறது. தன் மரபுச் செய்தியை மனித டி.என்.ஏ.வுக்குள் செருகிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் உறங்குகிறது. அடிக்கடி உருமாறுவதால் எதிர்ப்பொருள்களால் அதனைத் தொடர்ந்து பின்தொடர முடிவதில்லை.

நிபாவின் குடும்பத்தைச் சேர்ந்த தட்டம்மை வைரஸ், பழைய நோய்களைப் பற்றி உடல் சேமித்து வைத்துள்ள நினைவையே அழிக்கிறது. தடுப்பூசி பெறாமல் தட்டம்மைக்கு ஆளான குழந்தைகள், முன்பு பெற்றிருந்த எதிர்ப்பொருள் வகைகளில் 11 முதல் 73 சதவீதம் வரை இழந்திருந்தது 2019-ஆம் ஆண்டு வெளியான ஆய்வில் தெரியவந்தது. தட்டம்மைத் தடுப்பூசி அந்த ஒரு நோயிலிருந்து மட்டுமின்றி, வேறு பல நோய்களிலிருந்தும் குழந்தைகளைக் காப்பதற்கு இதுவே காரணம்.

டெங்கு வைரஸில் நான்கு வகைகள் உள்ளன. ஒரு வகையால் பாதிக்கப்பட்டவரை மற்றொரு வகை பின்னர் தாக்கும்போது, முன்பு உருவான எதிர்ப்பொருள்கள் அதனை முழுமையாகச் செயலிழக்கச் செய்யாமல், வெள்ளணுக்களுக்குள் நுழைய உதவிவிடுவதுண்டு. இரண்டாம் முறை வரும் டெங்கு சிலருக்குக் கடுமையாக அமைவதற்கு இது முக்கியக் காரணமாகக் கூறப்படுகிறது.

சிகிச்சைக்கான வழிகள்

வைரஸின் உத்தியை அறிவதன் பயன், அதனை முறியடிக்கும் வழியைக் கண்டறிவதில் உள்ளது. நிபாவைப் பொறுத்தவரை மூன்று வழிகளில் முயற்சிகள் நடைபெறுகின்றன.

முதலாவது, உடல் எதிர்ப்பொருள்களை உருவாக்கும் வரை காத்திராமல், ஆயத்தமாக உள்ளவற்றை வெளியிலிருந்து அளிப்பது. எம்.102.4 என்னும் ஒற்றைவகை எதிர்ப்பொருள், வைரஸின் ஜி புரதத்தைப் பற்றிக்கொண்டு அது உயிரணுவில் ஒட்டுவதைத் தடுக்கிறது. ஆஸ்திரேலியாவில் 40 ஆரோக்கியமான தன்னார்வலர்களிடம் நடத்தப்பட்ட முதல்கட்டச் சோதனையில் இது பாதுகாப்பானது எனத் தெரியவந்தது. 2018-ஆம் ஆண்டு இம்மருந்து அங்கிருந்து இந்தியாவுக்கு வரவழைக்கப்பட்டது. 2023-இல் கோழிக்கோட்டில் நோய் பரவியபோது, மேலும் 20 டோஸ்கள் பெறப்படும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் அறிவித்தது. நோயின் தொடக்கத்திலேயே அளித்தால்தான் இது பயன் தரும் என்று நிபுணர்கள் கூறுகின்றனர். வைரஸ் மூளையை அடைந்துவிட்ட பின்னர் இதன் பயன் வெகுவாகக் குறைந்துவிடும்.

இரண்டாவது, வைரஸ் தன்னைப் பிரதியெடுப்பதைத் தடுக்கும் மருந்துகள். கரோனா காலத்தில் பரவலாக அறியப்பட்ட ரெம்டெசிவிர், நிபா தொற்றிய ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்குகளை உயிரிழப்பிலிருந்து காத்ததாக 2019-ஆம் ஆண்டு ஆய்வு முடிவு வெளியானது. மனிதர்களிடம் இதன் பயன் இன்னும் உறுதிப்படுத்தப்பட வேண்டியுள்ளது.

மூன்றாவது, தடுப்பூசி. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் உருவாக்கிய நிபா தடுப்பூசியின் முதல்கட்ட மனிதப் பரிசோதனை 2024-ஆம் ஆண்டு ஜனவரியில் தொடங்கியது. ஹெண்ட்ரா வைரஸுக்கு எதிராகக் குதிரைகளுக்கான தடுப்பூசி ஆஸ்திரேலியாவில் 2012 முதலே பயன்பாட்டில் உள்ளது. அதே அடிப்படையிலான தடுப்பூசி ஒன்றும் மனிதர்களிடம் பரிசோதிக்கப்பட்டுள்ளது. தடுப்பூசி பெற்றவரின் உடலில் எதிர்ப்பொருள்கள் முன்கூட்டியே இருக்கும் என்பதால், முதல் அரணை முடக்கி நேரத்தைச் சம்பாதிக்கும் வைரஸின் உத்தி பயனற்றுப் போகும்.

இந்தியாவின் ஆயத்த நிலை

நிபா போன்ற வைரஸ்களைக் கையாள நான்காம் நிலை உயிரிப் பாதுகாப்பு ஆய்வகம் தேவை. இந்தியாவில் இத்தகைய ஆய்வகம் புணேயில் உள்ள தேசிய வைராலஜி நிறுவனத்தில் 2012-ஆம் ஆண்டு அமைக்கப்பட்டது. 2018-இல் மணிப்பால் ஆய்வகம் நோயைக் கண்டறிய, புணே நிறுவனம் அதனை உறுதிசெய்தது. நோயாளி மருத்துவமனைக்கு வந்த குறுகிய காலத்திலேயே வைரஸ் அடையாளம் காணப்பட்டதால், தொடர்பில் இருந்தவர்களைத் தனிமைப்படுத்த முடிந்தது.

அதன் பலனைப் பிற்கால எண்ணிக்கைகள் காட்டுகின்றன. 2019-இல் எர்ணாகுளத்தில் ஒரே ஒருவருக்கு நோய் உறுதியானது. அந்த இளைஞர் உயிர்பிழைத்தார். 2021-இல் கோழிக்கோட்டில் 12 வயதுச் சிறுவன் உயிரிழந்தான். எனினும் நோய் வேறு எவருக்கும் பரவவில்லை. 2023-இல் ஆறு பேர் பாதிக்கப்பட்டு இருவர் உயிரிழந்தனர். 2024-இல் மலப்புரம் மாவட்டத்தில் ஜூலையில் 14 வயதுச் சிறுவனும், செப்டம்பரில் 24 வயது இளைஞரும் உயிரிழந்தனர். கேரளத்தில் நோய் உறுதியாகும்போதெல்லாம் அண்டை மாநிலமான தமிழகத்தின் கோவை, நீலகிரி மாவட்ட எல்லைச் சோதனைச் சாவடிகளில் காய்ச்சல் பரிசோதனை மேற்கொள்ளப்படுவது வழக்கம்.

பொதுமக்கள் கவனத்துக்கு

வைரஸ் உடலில் நுழைந்தது முதல் அறிகுறிகள் தோன்றும் வரை பொதுவாக 4 முதல் 14 நாள்கள் ஆகலாம். அரிதாக 45 நாள்கள் வரை நீண்டதும் உண்டு. நோய் எதிர்ப்பு மண்டலத்தின் எச்சரிக்கை முடக்கப்பட்டிருக்கும் இக்காலத்தில், பாதிக்கப்பட்டவருக்கே தமக்கு நோய் உள்ளது தெரியாது. எனவே, நோயாளியுடன் தொடர்பில் இருந்தவர்கள் காய்ச்சல் இல்லை என்பதற்காகக் கண்காணிப்பிலிருந்து விலகக் கூடாது.

வௌவால் கடித்த தடயமுள்ள பழங்களையும், மரத்தடியில் விழுந்து கிடக்கும் பழங்களையும் உண்ணக் கூடாது. மற்ற பழங்களை நன்கு கழுவித் தோல் நீக்கி உண்ண வேண்டும். திறந்த பானைகளில் இறக்கப்படும் பதநீரையும் கள்ளையும் அப்படியே அருந்துவதைத் தவிர்க்க வேண்டும். பானையின் வாயை மூங்கில் தட்டியால் மூடிவைப்பது வங்கதேசத்தில் பயனளித்துள்ளது. காய்ச்சலுடன் குழப்பமோ, மூச்சுத்திணறலோ, வலிப்போ ஏற்பட்டால் உடனடியாக மருத்துவமனையை அணுகுவதுடன், அண்மையில் சென்று வந்த இடங்களையும் சந்தித்த நோயாளிகளையும் பற்றி மருத்துவரிடம் மறைக்காமல் தெரிவிக்க வேண்டும்.

நோயாளியைப் பராமரிப்போர் முகக்கவசம், கையுறை ஆகியவற்றை அணிவதும், சோப்பால் அடிக்கடி கைகழுவுவதும் கட்டாயம். நிபா வைரஸின் வெளியுறை கொழுப்பால் ஆனது. சோப்பு அதனை எளிதில் சிதைத்துவிடும். உடலுக்குள் நுழைந்த பின்னர் இத்தனை உத்திகளைக் கையாளும் இவ்வைரஸ், உடலுக்கு வெளியே சோப்புநீருக்குத் தாக்குப்பிடிக்காது என்பது குறிப்பிடத்தக்கது.